ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் உடன்படிக்கை (1933)

ஈரான் அரசுக்கும் ஆங்கிலோ-பாரசீக எண்ணெய் நிறுவனத்துக்கும் 1933 ஏப்ரலில் டெஹ்ரானில் கையெழுத்தான உடன்படிக்கை. 1901இல் வில்லியம் டார்சி பெற்று, பின்னர் இந்நிறுவனத்தின் கைக்கு வந்த எண்ணெய் உரிமத்தின்படி ஈரானுக்கு நிகர லாபத்தில் 16 விழுக்காடு. கணக்குப் புத்தகமோ நிறுவனத்தின் கையில். 1931இல் அந்த வருவாய் முந்தைய ஆண்டின் கால் பங்களவுக்குச் சரிந்தது. 1932 நவம்பரில் ஈரான் மன்னர் ரேசா ஷா, எண்ணெய்க் கோப்பை அமைச்சரவைக் கூட்டத்திலேயே அடுப்பில் வீசி, உரிமத்தை ரத்து செய்தார். நிறுவனத்தின் பெரும்பங்குதாரரான பிரிட்டிஷ் அரசு உலக நாடுகள் சங்கத்தில் முறையிட்டது. ஆனாலும் நிறுவனத் தலைவர் ஜான் கேட்மன் ஷாவை நேரில் சந்தித்த பிறகே முடிவு எட்டப்பட்டது. ஈரானுக்கு டன்னுக்கு 4 ஷில்லிங் கிடைத்தது; உரிமப் பரப்பும் சுருங்கியது. ஆனால் 1961இல் முடியவேண்டிய உரிமம் 1993 வரை நீண்டது. ஈரானுக்கு இது பேரிழப்பே. கையெழுத்திட்ட நிதியமைச்சர் தகிசாதே, தாம் வெறும் கருவியாகவே இருந்ததாக 1949இல் நாடாளுமன்றத்தில் சொன்னார். 1951இல் எண்ணெய்த் தொழில் தேசியமயமானது.