மிதவாதமும் பழைமைவாதமும்: அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அநுபவம், 1952–1980

அரசியற் கட்சியொன்றுக்குப் பெரிதும் பயன்படுபவர் மிதவாத வேட்பாளரா, பழைமைவாத வேட்பாளரா என்னும் வினாவுக்கு வாக்குக் கணக்கை மாத்திரங் கொண்டு விடைகாண முயல்வோர் பலர். அக்கணக்குப் பொய்யன்று. ஆயின், கட்சி என்பது எவ்வர்க்க நலன்களின் கூட்டு என்பதை அது மறைத்துவிடுகின்றது. அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் வரலாறு இவ்வகையில் நமது கவனத்துக்குரியது.

1952 இல் சிக்காகோவிற் கூடிய மாநாட்டில் ஒகையோச் செனற்றர் றொபேட் டாவ்றுக்கும் தளபதி ஐசனோவருக்குமிடையே போட்டி நிலவிற்று. டாவ்ற் பழைமைவாதிகளின் நாயகர். ஐசனோவரை முன்னிறுத்தியோரோ கிழக்குக் கரையின் வங்கிகளோடும் பெருங் கம்பனிகளோடும் நெருக்கமானவர்கள். உலகச் சந்தையை நாடிய நிதிமூலதனம், றூஸ்வெல்ற் காலச் சீர்திருத்தங்களோடும் தொழிற்சங்கங்களோடும் ஒருவாறு சமரசஞ் செய்துகொண்டிருந்தது. எனவே ஈண்டு மிதவாதம் என நாம் குறிப்பிடுவது தனிமனிதர் குணநலனையன்று. மூலதனத்தின் ஒரு பிரிவு தனக்கெனக் கண்ட கொள்கையையே.

அக்கொள்கை பதவியை ஈட்டித்தந்தது. ஐசனோவர் 442 தேர்வாளர் வாக்குகளையும், 1956 இல் 457 ஐயும் பெற்றார். ஆனால், 1954 இற் காங்கிரசின் இரு சபைகளையும் இழந்த கட்சி, 1956 இன் பெருவெற்றியிலும் அவற்றை மீட்கவில்லை. சனாதிபதி வெல்ல, அவரது கட்சி இரு சபைகளிலும் சிறுபான்மையாவது 1848 க்குப் பின்னர் அதுவே முதன்முறை. மக்கள் விரும்பியது தளபதியையேயன்றிக் கட்சியையன்று.

இதற்கிடையில், உலகப்போரின் பின் மேற்கிலும் தெற்கிலும் ஆயுத உற்பத்தி, எண்ணெய், நிலவணிகம் ஆகியவற்றால் ஒரு புதிய முதலாளித்துவப் பகுதி தழைத்தது. தொழிற்சங்கங்களையும் மத்திய அரசையும் அது வெறுத்தது. (மத்திய அரசின் ஆயுதக் கொள்வனவால் வாழ்ந்தோரே அவ்வரசை நிந்தித்தமை சுவையான முரண்பாடு.) அதன் குரலாக எழுந்தவர் அரிசோனாச் செனற்றர் பரி கோல்ட்வோட்டர். அவர் பெயரில் 1960 இல் வெளிவந்து பெருமளவில் விற்பனையான நூலை எழுதிக்கொடுத்தவர் பிரென்ற் பொசெல் என்பது இலக்கிய மாணவர் மனங்கொள்ளத்தக்கது. 1964 யூலையிற் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில், தீவிரவாதத்தைக் கண்டித்துப் பேசிய நியூயோர்க் ஆளுநர் நெல்சன் றொக்பெல்லர் கூச்சலால் இடைமறிக்கப்பட்டார். கோல்ட்வோட்டரே வேட்பாளரானார்.

மிதவாதிகள் எச்சரித்தவாறே ஆயிற்று. ஜோன்சன் 486 தேர்வாளர் வாக்குகளைப் பெற, கோல்ட்வோட்டருக்குக் கிடைத்தவை 52, மாநிலங்கள் ஆறு. அவ்வாறனுள் அரிசோனா அவரது சொந்த மண். ஏனைய ஐந்தும் ஆழ்தெற்கு மாநிலங்கள்: மிசிசிப்பி, அலபாமா, யோர்ஜியா, லூசியானா, தென்கரோலினா. குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துச் செனற்சபையில் வாக்களித்தவரை அங்குள்ள வெள்ளையர் வரவேற்றனர். கறுப்பின மக்களுட் பெரும்பாலோர் வாக்குச்சாவடியை அணுகவே அங்கு அன்று விடப்படவில்லை. ஆபிரகாம் லிங்கனின் கட்சி எனப் போற்றப்பட்டது, 1956 இற்கூடக் கறுப்பின வாக்குகளில் கணிசமான பங்கைப் பெற்றிருந்தது. 1964 இல் அவ்வுறவு அறுந்தது. கட்சிக்குப் ‘பயன்பட்டார்’ என்று ஒருவரைச் சொல்லும்போது அப்பயனுக்கு விலைகொடுத்தோர் யாவர் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

தோல்வியே வெற்றிக்கு வித்தாயிற்று என்பர் பழைமைவாதிகள். 1964 ஒற்றோபரிற் கோல்ட்வோட்டருக்காகத் தொலைக்காட்சியில் உரையாற்றிய றொனால்ட் றேகன், 1966 இற் கலிபோர்ணியாவின் ஆளுநராகத் தெரிவாகி, 1980 இல் 489 தேர்வாளர் வாக்குகளுடன் சனாதிபதியானது உண்மையே. எனினும் இவ்விளக்கம் நமக்கு நிறைவளிக்கவில்லை. 1964 இல் நிராகரிக்கப்பட்ட கருத்துக்களே பெரிதும் மாறாமல் 1980 இல் ஏற்கப்பட்டன. மாறியது வேட்பாளரின் நிலைப்பாடன்று. 1970களின் பணவீக்கமும் இலாபச் சரிவும் பெருமூலதனத்தையே பழைய சமரசத்தைக் கைவிடத் தூண்டின. அதன்பின் மிதவாதிக்குக் கட்சியிற் காலூன்ற இடமேது?

றொக்பெல்லரின் முடிவு இதற்குச் சான்று. 1974 இல் உப சனாதிபதியான அவர், பழைமைவாதிகளின் நெருக்குதலால் 1975 நவம்பரில் அடுத்த தேர்தலில் நிற்பதில்லை என அறிவித்தார். அவ்விடத்தை அவர்களுக்கு உவப்பான றொபேட் டோலுக்குக் கொடுத்த பின்னரும், 1976 இல் ஜெரால்ட் போர்ட் கார்ட்டரிடம் தோற்றார்.