ஈழப் போராளி இயக்கங்களிடையேயான மோதல்கள்

ஈழப் போராளி இயக்கங்களிடையேயான மோதல்கள் என்பது, 1980களில் இலங்கை அரசுக்கு எதிராகப் போராடிய தமிழ் ஆயுதக் குழுக்கள் தமக்குள் நடத்திய சண்டைகளைக் குறிக்கும். இவற்றில் போராளிகளுடன் பொதுமக்களும் பாதிக்கப்பட்டனர்.

பின்னணி

தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்திலிருந்து 1980இல் பிரிந்த உமா மகேசுவரன், தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்தை (புளொட்) அமைத்தார். 1982 மே 19 அன்று சென்னை பாண்டி பசாரில் அவரும் வே. பிரபாகரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். 1985 ஏப்ரலில் புலிகள், டெலோ, ஈரோசு, ஈ.பி.ஆர்.எல்.எப் ஆகிய நான்கு இயக்கங்களும் ஈழத் தேசிய விடுதலை முன்னணியில் ஒன்றிணைந்தன. இவ்வொற்றுமை ஓராண்டு கூட நிலைக்கவில்லை.

1986 மோதல்கள்

1986 ஏப்ரல் இறுதியில் புலிகள் யாழ்ப்பாணத்தில் டெலோ முகாம்களைத் தாக்கினர். டெலோ தலைவர் சிறீ சபாரத்தினம் மே 6 அன்று கொல்லப்பட்டார். அவ்வியக்கத்தினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். திசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எப்பும் தாக்கப்பட்டது.

பொதுமக்கள் மீதான தாக்கம்

கொல்லப்பட்டவர்களும் கொன்றவர்களும் பெரும்பாலும் அதே ஊர்களின் இளைஞர்களே. ஒரே ஊரில் வெவ்வேறு இயக்கங்களுக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் இருந்தன. இயக்கங்களைக் கேள்வி கேட்பதும் ஆபத்தானது. ஆயினும் 1986 நவம்பரில், மாணவர் ஒருவர் கடத்தப்பட்டதைக் கண்டித்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினர். அனைத்துத் தரப்பினரின் வன்முறையையும் பதிவு செய்த 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான மருத்துவர் ரஜனி திராணகம, 1989 செப்டம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

தமிழ்நாட்டில்

இயக்கத்தினரின் துப்பாக்கிகள் தமிழகத்திலும் உயிர்களைப் பறித்தன. 1986 நவம்பர் 1 அன்று சென்னை சூளைமேட்டில் ஈ.பி.ஆர்.எல்.எப்பினருக்கும் அப்பகுதி மக்களுக்கும் இடையே ஏற்பட்ட தகராறில் நடந்த துப்பாக்கிச் சூட்டில், உள்ளூர்வாசி ஒருவர் உயிரிழந்தார். இது இயக்கங்களுக்கு இடையிலான மோதலன்று. எனினும் மக்களின் அனுதாபத்தைக் குறைத்தது. 1990 சூன் 19 அன்று கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எப் பொதுச்செயலாளர் க. பத்மநாபா, நாடாளுமன்ற உறுப்பினர் யோகசங்கரி உள்ளிட்ட பலரைப் புலிகள் சுட்டுக்கொன்றனர்.

விளைவுகள்

1986ஆம் ஆண்டின் இறுதிக்குள் யாழ்ப்பாணத்தில் புலிகளே முதன்மை ஆயுத இயக்கமாயினர். எஞ்சிய போட்டி இயக்கங்கள் பல பின்னர் இந்திய அமைதி காக்கும் படையுடனும் இலங்கை அரசுடனும் இணைந்து செயற்பட்டன. இதனால் 1987க்குப் பின்னும் தமிழரைத் தமிழர் கொல்வது தொடர்ந்தது. தங்கள் பகுதியில் ஆட்சி செலுத்தும் இயக்கத்துக்கு மாற்றாக எதையும் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பொதுமக்கள் இழந்தனர்.