பெயரை மறைக்கும் பிள்ளைகள்

குமராட்சியிலிருந்து சிதம்பரத்துக்குப் படிக்கச் செல்லும் மாணவருக்கு இன்று வழி எளிது. நூறாண்டுகளுக்கு முன் வயலில் உழைத்த ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளித் திண்ணையே எட்டாத உயரமாயிருந்தது. அந்நிலையில்தான் 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். ஏழைப் பிள்ளைக்கு எழுத்து மட்டும் போதாது. சோறும் படுக்க இடமும் வேண்டும் என்றுணர்ந்து பள்ளியோடு விடுதியும் கண்டார் அத்துறவி. 1929இல் அருகிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1944இல் ஒடுக்கப்பட்ட மாணவரின் உயர்கல்விக்கென நடுவண் அரசின் உதவித்தொகையும் பிறந்தது.

கதவுகள் திறந்தன. ஆனால், அதே சேரியில் பிறந்து திருமுழுக்குப் பெற்ற பிள்ளையின் முன் ஒரு தாள் குறுக்கே நின்றது. 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராதவர் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது தளர்த்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் தளரவில்லை. 2007இல் மிஸ்ரா ஆணையம் அப்பத்தியையே நீக்கப் பரிந்துரைத்தது. 2022இல் மற்றோர் ஆணையம் அமைக்கப்பட்டது.

தமிழக அரசு இவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்து, கல்வி உதவித்தொகையும் வழங்குகிறது. அது நன்றிக்குரியது. எனினும் பட்டியல் சாதியினருக்குரிய 18 விழுக்காட்டு இடங்களில் இவர்களுக்குப் பங்கில்லை. ஆகவே சான்றிதழில் ஒரு பெயரும் திருமுழுக்கு ஏட்டில் வேறொரு பெயருமாக வாழ்வோர் உளர். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டே அச்சலுகையைக் கோருவது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கல்விக்காக விசுவாசத்தை மறைக்கும் நிலைக்குப் பிள்ளைகளைத் தள்ளியவர் யார்?

அரசை மட்டும் சுட்டினால் உண்மை பாதியாகும். செருப்புத் தைக்கும் தொழிலாளியான சூசை தொடுத்த வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குச் சான்று எங்கே என்று 1985இல் உச்ச நீதிமன்றம் கேட்டது. அச்சான்று நம் தனிக் கல்லறைகளிலும் ஆலய இருக்கைகளிலும் இருந்தது. நாம்தாம் சொல்ல நாணினோம். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, திருச்சபைக்குள்ளும் தீண்டாமை உண்டென வெளிப்படையாக ஏற்றது.

சட்டம் மாறும்வரை நம் கை கட்டப்பட்டிருக்கவில்லை. அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு, சிறுபான்மையினர் கல்விக்கூடங்களை நிறுவி நடத்தும் உரிமையை நமக்கு அளித்துள்ளது. அவ்வுரிமையால் எழுந்த கல்லூரிகளில் இப்பிள்ளைகளுக்கு எத்தனை இடங்கள்? விடுதியில் எத்தனை படுக்கைகள்? சொத்தும் செல்வாக்கும் இல்லாத ஒரு துறவி 1916இல் செய்ததை, இத்தனை நிறுவனங்கள் உடைய நாம் செய்ய இயலாதா?

ஆகஸ்ட் 10 புனித லாரன்சின் திருநாளுமாகும். திருச்சபையின் செல்வங்களைக் கொண்டுவா என்று உரோமை அதிகாரி பணித்தபோது, அவர் ஏழைகளை அழைத்துவந்து நிறுத்தினார் என்பது மரபு. அந்நாளைக் கறுப்பு நாளாக அனுசரிக்கும் நாம், அச்செல்வங்களை எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்பதையும் அன்று எண்ணிப் பார்த்தல் தகும்.