ஹைட்ரஜன் வாயு சிறுநீரகத்தைக் காக்குமா?

மருந்தாகச் சுவாசிக்கப்படும் ஹைட்ரஜன் வாயு சிறுநீரகத்தைக் காக்கும் என்னும் நம்பிக்கை பரவி வருகிறது. அதற்கான கருவிகளும் 'ஹைட்ரஜன் நீரும்' விற்பனைக்கு வந்துவிட்ட நிலையில், அறிவியல் சான்றுகள் உணர்த்துவது என்ன என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

ரத்த ஓட்டம் தடைபட்டு மீளும்போதும், சில மருந்துகளின் நச்சுத்தன்மையாலும் சிறுநீரக செல்களில் 'ஹைட்ராக்சில்' போன்ற தனி உறுப்புகள் பெருகிச் சேதம் விளைவிக்கின்றன. மிகச் சிறிய மூலக்கூறான ஹைட்ரஜன் செல்லுக்குள் எளிதில் புகுந்து அவற்றைத் தணிக்கக்கூடும் என்று, எலிகளின் மூளையில் நடத்திய ஆய்வின் மூலம் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2007-இல் தெரிவித்தனர். சிஸ்பிளாட்டின் என்னும் புற்றுநோய் மருந்து செலுத்தப்பட்ட சுண்டெலிகள் 1 சதவீத ஹைட்ரஜன் கலந்த காற்றைச் சுவாசித்தபோது, அவற்றின் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததாக 2009-இல் மற்றோர் ஆய்வு வெளியானது. அம்மருந்தின் வீரியமும் குன்றவில்லை.

ஆனால், எலிகளிடம் கிடைத்த வெற்றி மனிதர்களிடமும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதயத் துடிப்பு நின்று மீண்ட 73 பேரிடம் ஜப்பானில் நடத்தப்பட்டு, 2023-இல் வெளியான ஆய்வே இதற்குச் சான்று. 2 சதவீத ஹைட்ரஜனை 18 மணி நேரம் சுவாசித்தவர்களில் 90 நாள்களுக்குப் பிறகும் உயிருடன் இருந்தோர் அதிகம். ஆயினும், ஆய்வின் முதன்மை இலக்கான நரம்பியல் மீட்சியில் பலன் உறுதிப்படவில்லை. அது சிறுநீரகத்துக்கான ஆய்வும் அல்ல. காற்றில் 4 சதவீதத்தைத் தாண்டினால் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது என்பதால், வீட்டில் இதைச் சோதித்துப் பார்ப்பது ஆபத்தானது.

பூந்தமல்லியை அடுத்த குத்தம்பாக்கம் போன்ற பகுதிகளில் வெயிலில் உழைப்போரை எண்ணும்போதுதான் இக்கேள்வியின் முக்கியத்துவம் எனக்குப் புலப்படுகிறது. தமிழகத்தில் 3,350 வேளாண் தொழிலாளர்களிடம் 2023-இல் நடத்தப்பட்ட ஆய்வில், சிலருக்கு நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணங்கள் ஏதுமின்றியே நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. கடும் வெப்பமும் நீரிழப்பும் இதற்குக் காரணமாகலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

ஹைட்ரஜன் ஆய்வுகள் தொடர வேண்டும். நாளை அது பயனளிக்கவும் கூடும். ஆனால், இன்றைய உழைப்பாளிக்குத் தேவை பணியிடத்தில் குடிநீர், நிழல், ஓய்வு நேரம், கழிப்பறை ஆகியவையே. உடல்வலிக்கு மருத்துவர் ஆலோசனையின்றி வலி நிவாரணிகளை விழுங்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். ஆண்டுக்கொரு முறை ரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் சிறுநீரில் புரதத்தையும் பரிசோதித்தால், அறிகுறியே இல்லாத தொடக்க நிலையிலும் நோயைக் கண்டறியலாம். ஹைட்ரஜன் கருவிக்குச் செலவிட எண்ணுவோர், முதலில் இப்பரிசோதனையைச் செய்துகொள்வதே அறிவுடைமை என்பது என் கருத்து.