வரவேற்பு மைல்கள்

விமான நிறுவனமும் வங்கியும் கூட்டாக வழங்கும் கடன் அட்டையைப் புதிதாக வாங்குவோருக்குக் கிடைக்கும் பயணப் புள்ளிகள். அமெரிக்காவில் இவை பெரும் சந்தை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல், பறப்போருக்கு மைல்கள் தரும் அட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியது. சிட்டிபேங்குடன் சேர்ந்த அட்டை 1987-இல் வந்தது. பறக்காமலே மைல் சேர்க்கும் வழி அப்படித்தான் பரவலானது.

மைல்கள் சும்மா வருவதில்லை. குறித்த மாதங்களுக்குள் குறித்த தொகையைச் செலவிட்டாக வேண்டும்.

மதிப்பிடும் கணக்கு எளிது. 330 டாலர் பயணச்சீட்டு, 25,000 மைலும் 30 டாலர் வரியும் கொடுத்தால் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமாகும் 300 டாலரை மைல்களால் வகுத்தால், ஒரு மைல் 1.2 சென்ட். அப்படியானால் வரவேற்பாக வரும் 50,000 மைல் 600 டாலர் பெறும். அட்டையின் ஆண்டுக் கட்டணம் 95 டாலர் போக, கையில் நிற்பது 505. மாதக் கடன் பாக்கி வைத்தால் வட்டி இந்த லாபத்தை விழுங்கிவிடும்.

மைலின் மதிப்பும் நிலையானதல்ல. டெல்டா நிறுவனம் 2015-இல் மைல் கட்டண அட்டவணையையே தன் தளத்திலிருந்து நீக்கியது. மைலுக்காகவே அட்டை வாங்குவோரிடம் வங்கிகளும் உஷார்: 24 மாதங்களில் ஐந்து அட்டைகள் வாங்கியவரின் விண்ணப்பத்தைச் சேஸ் வங்கி பொதுவாக ஏற்பதில்லை.