உப்பும் மாவும்

1806ஆம் வருஷம் ஜூலை 10ந் தேதி வேலூர்க் கோட்டையிலே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தமைக்குத் தோல் வைத்துச் செய்த புதுத் தலைப்பாகையும், நெற்றியிலே சமயக்குறி தரிக்கலாகாதென்ற கட்டளையும் காரணங்களென்பது பிரசித்தம். ஆயின், கிழக்கிந்தியக் கும்பினியார் உப்பிலே பசுவின் இரத்தத்தையும் பன்றியின் இரத்தத்தையும் தெளித்து ஜனங்களை மதம் மாற்றச் சதி செய்கிறார்களென்று அக்காலத்தே தென்னாட்டில் உலவிய வதந்தியைப் பலர் மறந்துவிட்டனர். ஐம்பது வருஷங்கழித்து, 1857இல், அதே வதந்தி கோதுமை மாவில் எலும்புத்தூள் என்று வேஷம் மாற்றிக்கொண்டு வடநாட்டிலே புறப்பட்டது. (அவ்வருஷமே சிப்பாய்களிடையே எழுந்த, துப்பாக்கித் தோட்டாவிலே பசு, பன்றிக் கொழுப்புத் தடவியிருக்கிறதென்ற ஐயமோ முற்றிலும் ஆதாரமற்றதன்று.) விந்தை யாதெனில், பீதி ஆளப்பட்டோருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை: அதே வருஷம் கிராமக் காவலர்கள் ஊர்விட்டு ஊர் கொண்டுசென்ற சாதாரணச் சப்பாத்திகளைக் கண்டு, அவற்றுள் ஏதோ இரகசியச் சங்கேதம் பொதிந்திருக்கிறதென்று கலங்கிய துரைமார்கள் விசாரணை நடத்தினர்; ஆயினும் சப்பாத்திக்குள்ளே ஓலை எதுவும் அகப்படவில்லை.