ஆக்சில் எண்ணெய்க் கசிவு: தோட்டத்து ஃபோர் வீல் வண்டிகளில்

டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களுக்கு ஊற்றப்படும் கியர் ஆயில், ஆக்சில் கூட்டின் முனைகளிலோ இணைப்புகளிலோ வழிந்து வெளியேறும் பழுதே ஆக்சில் எண்ணெய்க் கசிவு. நெகிரி செம்பிலானின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் ஓடும் ஃபோர் வீல் வண்டிகளுக்கு இது பழகிய தொல்லை. ஆயில் சீலை மாற்றியதும் நின்றுவிட்டால் சிறு வேலைதான். மாற்றிய சில வாரங்களிலேயே அதே பக்கம் மறுபடி நனைந்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று பொருள்.

லேண்ட் ரோவர் 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் வாகனக் கண்காட்சியில் அறிமுகமானது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அந்த ஆண்டுகளில் போலீசாரும் தோட்டத்து துரைமாரும் காட்டோரச் சாலைகளில் இவ்வகை வண்டிகளில் போய்வந்தார்கள். பின்னாளில் டொயோட்டாவின் லேண்ட் குரூசரும் ஹைலக்ஸும் வந்தன. வண்டி எது என்பது கசிவைத் தேடுகிறவருக்கு முக்கியம். பெரும்பாலான லேண்ட் ரோவர்களில் எடையை ஸ்டப் ஆக்சிலும் அதன்மேல் சுழலும் ஹப்பும் சுமக்கின்றன. உள்ளிருக்கும் தண்டு சக்கரத்தைத் திருப்ப மட்டுமே. ஹைலக்ஸின் பின்பக்கத்தில் அந்தத் தண்டே எடையையும் தாங்குகிறது. அதனால் பேரிங் தேய்ந்தால் தண்டு ஆடும். ஆடுகிற தண்டின்மேல் எந்தப் புதுச் சீலும் நெடுநாள் நிற்காது. ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தாலே ஆட்டம் ஓரளவு தெரிந்துவிடும்.

பிரேக் டிரம்முக்குள் ஈரம் கண்டால் அது என்ன திரவம் என்பதே முதல் கேள்வி. கியர் ஆயில் தடித்தது, கந்தக நெடி வீசும், தண்ணீரில் விட்டால் மிதக்கும். பிரேக் ஆயில் மெலிந்தது, தண்ணீரோடு கலந்துவிடும். வீல் சிலிண்டர் கசிவுக்காக ஆக்சிலைக் கழற்றிய கதைகள் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு. பிறகு கூட்டைக் கழுவி உலரவைத்து, முகப்பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடும்போது எண்ணெய் காற்றில் பின்னோக்கிப் பரவும் என்பதால், நனைந்த இடங்களில் மேலேயும் முன்னேயும் இருப்பதே பெரும்பாலும் கசிவின் பிறப்பிடம்.

திரும்பத் திரும்ப வரும் கசிவில் முதலில் பார்க்க வேண்டியது பிரீதர். பலர் கடைசியில்தான் பார்க்கிறார்கள். ஆக்சில் கூட்டின் மேல் இருக்கும் இந்தச் சின்ன மூடி, உள்ளே சூடேறும் காற்றை வெளியே விடுகிறது. ரொம்பின், பகாவ் பக்கத்து மேடுபள்ளத் தோட்டங்களில் செம்மண் சேறு அதை எளிதில் அடைத்துவிடும். மேற்குக் கரை மாநிலங்களில் மழை கனக்கும் ஏப்ரல், அக்டோபர், நவம்பர் மாதங்களில் இது இன்னும் மோசம். அடைபட்ட கூட்டுக்குள் காற்று 30 டிகிரி செல்சியஸிலிருந்து 90 டிகிரிக்கு ஏறினால் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 3 பி.எஸ்.ஐ., கூடும். தேயத் தொடங்கிய சீல் வழியே எண்ணெயைத் தள்ள அது போதும். சூடான ஆக்சில் ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது நேர்மாறாக நடக்கும்: உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். எண்ணெய் தே தாரிக் நிறத்துக்கு மாறியிருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சீலோடு எண்ணெயையும் மாற்றியாக வேண்டும். பிரீதரைக் கழற்றும்போது 'புஸ்' என்று காற்று வந்தால் சந்தேகமே வேண்டாம். அதில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி எஞ்சின் அறை உயரத்துக்குக் கொண்டுபோவது மலிவான, நிலையான தீர்வு.

அடுத்தது சீல் உரசும் பரப்பு. பல காலம் ஒரே இடத்தில் உரசியதால் அங்கே பள்ளம் விழுந்திருக்கும். நகத்தால் தடவினால் தட்டுப்படும். ஹைலக்ஸின் பின் ஆக்சிலில் பேரிங்கைப் பிடித்திருக்கும் ரிட்டெய்னர் வளையத்தின்மேல் சீல் உரசுவதால் அந்த வளையத்தை மாற்றிவிடலாம். மற்ற இடங்களில் 0.3 மி.மீ.க்கும் குறைவான தடிப்புள்ள மெல்லிய எஃகு உறையை ஏற்றலாம். கவனக்குறைவும் ஒரு காரணம்: தண்டைத் திரும்பச் செருகும்போது அதன் பற்கள் புதுச் சீலின் உதட்டைக் கீறிவிட்டால், வண்டி பட்டறையை விட்டுப் புறப்படும் முன்பே அடுத்த கசிவு தொடங்கிவிட்டது.

வெளியே ஒரு சொட்டுகூட விழாமல் முன் டிஃபரன்ஷியலில் எண்ணெய் குறைவதும் உண்டு. லேண்ட் ரோவர், பழைய லேண்ட் குரூசர் ஆகியவற்றின் முன் ஆக்சிலில் உள் சீல் போனால் எண்ணெய் சக்கரம் திரும்பும் மூட்டுக்குள் இறங்கிவிடும். கிரீஸ் இட்ட மூட்டைத் திறந்தால் அதற்குப் பதில் கஞ்சிபோல் நீர்த்த கலவை கிடைக்கும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் நிற்காமல் கசிந்தால், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியதில் ஆக்சில் கூடே வளைந்திருக்கலாம். அந்தப் பக்கத்து டயர் ஒருபுறமாகத் தேய்வது அதற்கு ஓர் அடையாளம். எண்ணெய் அளவையும் சமதளத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்; சரிவில் நின்ற வண்டிக்கு ஊற்றினால் கூடுதலாகப் போய்விடலாம், அந்த மிகுதியும் கசியும்.

எண்ணெய் குடித்த பிரேக் ஷூவைக் கழுவித் திரும்பப் போடக் கூடாது. இறக்கத்தில் வண்டி ஒருபக்கமாக இழுத்தால் பின்னால் உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்களின் உயிருக்கே ஆபத்து. இரண்டு பக்க ஷூக்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். வடித்தெடுத்த கழிவெண்ணெயைத் தோட்டக் கால்வாயில் கொட்டவும் கூடாது. மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிமுறைகள் அதை எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்துகின்றன. அடையாளமிட்ட டிரம்மில் சேர்த்து, உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டும்.